கொரியாக்காரர் உண்டால் ருசி, சேரிக்காரர் உண்டால் தீட்டா?



நமது புதுச்சேரிப் பட்டணத்தில் சமீப காலமாக ஒரு புது மோகம் தலையெடுத்திருக்கிறது. கொரியா தேசத்து நாடகங்களை இரவு இரண்டு மணி வரையில் விழித்திருந்து கைப்பேசியில் பார்ப்பதும், அந்நாட்டுப் பாட்டுக்காரர்களின் படங்களைச் சுவரில் ஒட்டிக் கொள்ளுவதும், அந்த நாடகங்களில் வருகிறவர்கள் எதை உண்ணுகிறார்களோ அதையே தாங்களும் வீட்டில் செய்து உண்ணப் பார்ப்பதுமாக நமது வாலிபர்களும் பெண்மக்களும் இருந்து வருகிறார்கள். இதைக் கண்டு பெரியவர்கள் சிலர் தலையிலடித்துக் கொள்ளுகிறார்கள். நாம் அப்படி அடித்துக் கொள்ளப் போவதில்லை. பாட்டன் தின்றதையே பேரனும் சாகும் வரையில் தின்ன வேண்டும் என்று இருந்திருந்தால் மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் நமது அடுப்பங்கரைக்குள் நுழைந்திருக்கவே முடியாது. மூன்றும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து கப்பலேறி வந்தவை. மிலேச்சன் கொண்டுவந்த மிளகாயில்தான் மடியோடு சமைக்கும் மாமியும் குழம்பு வைக்கிறாள். அந்த மிளகாய்க்கு எந்தச் சாஸ்திரி புண்ணியாகவாசனம் செய்து வைத்தார் என்று நமக்குத் தெரியாது.

நாம் கேட்க வந்த சங்கதி வேறு. அந்தக் கொரியச் சமையலில் தலையாய பண்டம் எது? மாட்டுக்கறி. 'புல்கோகி' என்று ஒன்றைச் சொல்லிச் சொல்லிச் சப்புக் கொட்டுகிறார்களே, அது என்ன? 'புல்' என்றதும் ஏதோ சைவப் பண்டம் என்று எண்ணிவிட வேண்டாம். கொரிய மொழியில் 'புல்' என்றால் தீ; 'கோகி' என்றால் கறி. தீயில் வாட்டிய கறி, அவ்வளவுதான். கோழியிலும் பன்றியிலும்கூட அதைச் செய்வார்களானாலும், வெறுமனே புல்கோகி என்று சொன்னால் அது மாட்டுக்கறிதான். நேற்று வரையில் மாட்டுக்கறி என்ற சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்திக் கொண்ட வீடுகளில், இன்று பிள்ளைகள் "பீஃப் புல்கோகி" என்று சொன்னால் தாய் தகப்பன்மார் "அப்படியா, அது எப்படியிருக்கும்?" என்று கேட்கிறார்கள். கடற்கரைப் பக்கத்து ஓட்டலில் வெள்ளைத் துணி விரித்த மேஜையில் "ஸ்டேக்" என்ற பெயரில் அதே கறி வந்தால் கத்தியையும் முள்ளையும் பிடித்துக் கொண்டு படமும் எடுத்துக் கொள்ளுகிறார்கள்.

அதே கறியை அதே நாளில் அதே பட்டணத்தின் ஒரு சேரி வீட்டில், பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு ஒரு தாய் வறுத்துத் தன் பிள்ளைக்குப் பழையசோற்றோடு கொடுத்தால் அதற்கு என்ன பெயர்? அது தீட்டு. அது ஈனம். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தூக்குப்போசியைத் திறந்தால் பக்கத்துப் பிள்ளை நகர்ந்து உட்காருகிறது. அந்தத் தாய் வாடகைக்கு வீடு கேட்டால் "நாங்கள் சைவம், மன்னிக்கவும்" என்று பதில் வருகிறது. சொன்னவர் வீட்டுக் குப்பைத் தொட்டியைக் கிளறினால் ஆட்டெலும்பு கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

கறி ஒன்று, பெயர் இரண்டு, மரியாதை இரண்டு. அப்படியானால் தீட்டு என்பது கறியிலே இருக்கிறதா, உண்ணுகிறவனுடைய சாதியிலே இருக்கிறதா என்பதுதான் நமது கேள்வி.

இந்தக் கேள்வி புதுச்சேரிக்குப் புதியதல்ல. பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஆண்ட காலத்தில், வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பட்டணம், மேற்கே கறுப்பர் பட்டணம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். கிழக்கே இருந்த துரைமார் வீட்டுச் சமையலறைகளில் மாட்டுக்கறி வெந்தது. அதை வேக வைத்தவர்கள் யார்? சாதி இந்துக்கள் அந்தச் சட்டியைத் தொடமாட்டார்கள் ஆகையால் தாழ்த்தப்பட்ட மக்களே துரைமார் வீட்டுச் சமையற்காரர்களாக இருந்தார்கள். மாட்டுக்கறி தின்பதனாலும் பறையர்களை வேலைக்கு வைத்துக் கொள்ளுவதனாலும் ஐரோப்பியரை இந்துக்கள் இழிவாக எண்ணினார்கள் என்று துய்புவா பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். எண்ணியது மனத்தோடு சரி! அந்த இழிந்த துரையிடம் துபாஷ் வேலைக்கும், குத்தகைக்கும், பட்டத்துக்கும், பல்லக்குக்கும் கைகட்டி நின்றவர்கள் யார்? மாட்டுக்கறி தின்ற துரையின் கையைக் குலுக்கினால் பெருமை. அதைச் சமைத்துக் கொடுத்தவன் தெருவில் எதிரே வந்தால் குளியல். இதுதான் அன்றைய ஆசாரத்தின் யோக்கியதை.

சைகோனுக்குப் போய் பிரெஞ்சு சர்க்காரில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய புதுவைக் குடும்பங்களின் சங்கதியும் இப்படித்தான். அந்த ஊரில் காலைப் பலகாரமே மாட்டெலும்பைக் கொதிக்க வைத்த சாற்றில் அரிசிச் சேவையைப் போட்டு உண்ணும் 'ஃபோ'தான். அங்கே உண்டவரை யாரும் இங்கே சாதியை விட்டுத் தள்ளிவைக்கவில்லை. ஏனெனில் அவர் கையில் பென்ஷன் இருந்தது.

இன்றைக்கு வருவோம். ராமாநுஜர் பிறந்த ஊர் என்று வைஷ்ணவர்கள் கண்ணில் ஒற்றிக் கொள்ளும் ஸ்ரீபெரும்பூதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் என்ற கொரியக் கம்பெனி தொழிற்சாலை வைத்து 1998 முதல் மோட்டார் வண்டி செய்து வருகிறது. மாட்டுக்கறி உண்ணும் நாட்டுக்காரர் முதல் போட்டு, அவர்கள் நாட்டு என்ஜினீயர்கள் மேற்பார்த்துச் செய்த வண்டியைத்தான் நமது ஆசாரசீலர்கள் வாங்கி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கி, குங்குமம் வைத்து, அதிலேறித் திருப்பதிக்குப் போகிறார்கள். வண்டிக்குத் தீட்டு இல்லை. அந்தக் கம்பெனியில் வேலைக்குப் போகும் பிள்ளைக்குத் தீட்டு இல்லை. சம்பளத்துக்குத் தீட்டு இல்லவே இல்லை.

அந்தக் கம்பெனியை ஆரம்பித்த சுங் ஜூ யுங் என்பவரின் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. வாலிபத்தில் தகப்பனார் மாடு விற்று வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொண்டு சியோல் பட்டணத்துக்கு ஓடிப் போனவர். பெரும் பணக்காரரான பிறகு, 1998 இல், தாம் பிறந்த வட கொரியப் பகுதியில் மக்கள் பஞ்சத்தால் வாடியபோது, ஜூனில் 500, அக்டோபரில் 501, ஆக 1001 மாடுகளை லாரிகளில் ஏற்றி எல்லையைக் கடந்து கொண்டு போய்க் கொடுத்தார். மாட்டின் அருமை தெரியாத முரட்டுக் கூட்டம் என்று யாராவது கொரியரைச் சொல்ல முடியுமா? மாட்டுக்கு நன்றி பாராட்டினார்கள், அதை வளர்த்தார்கள், அதனால் உழுதார்கள், அதைத் தின்றும் வந்தார்கள். அதன் மூத்திரத்தைக் குடிக்கவில்லை; அதன் பெயரால் மனிதனை அடித்துக் கொல்லவும் இல்லை.

அங்கேயும் மாட்டை வெட்டக் கூடாதென்று சட்டம் போட்ட காலம் உண்டு. ஜோசன் வம்சத்து அரசர்கள் திரும்பத் திரும்ப அந்த உத்தரவைப் போட்டார்கள்; ஜனங்களும் திரும்பத் திரும்ப அதை மீறினார்கள். ஆனால் உத்தரவுக்குச் சொன்ன காரணம் என்ன? உழவுக்கு எருது வேண்டும் என்பது. இது விவாதிக்கக் கூடிய காரணம். உழவு இயந்திரம் வந்ததும் காரணம் போயிற்று. நமது அரசியல் சட்டத்தின் 48 ஆவது பிரிவும் விவசாயத்தையும் கால்நடை வளர்ப்பையும் நவீன விஞ்ஞான முறையில் அமைப்பது என்றுதான் பேச்சைத் தொடங்குகிறது. பிறகு அதே வாக்கியத்தில் பசுவதைத் தடைக்கு வந்து சேருகிறது. புதுச்சேரியிலும் 1968 ஆம் வருஷத்துச் சட்டப்படி பசுவையும் கன்றையும் வெட்டக் கூடாது. வயது முதிர்ந்து வேலைக்கு உதவாத காளை எருதுகளைச் சான்று பெற்று வெட்டலாம். ஆகவே நமது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் உழைத்து ஓய்ந்த எருதின் கறி அல்லது எருமைக்கறி. இதை ஏன் சொல்லுகிறோமென்றால், கொரியப் பக்குவத்தை நமது வீட்டில் செய்கிறபோது இது முக்கியமான விஷயம்.

கொரியாவில் 'ஹன்வூ' என்ற நாட்டு மாட்டைக் கொழுக்க வளர்த்து, சலவைக்கல்லில் கோடு ஓடியது போலக் கொழுப்பு ஊடுருவிய கறியை எடுப்பார்கள். அது தீயில் பட்டால் உருகும். நமது எருதின் கறி அப்படியல்ல. செருப்புத் தோல் மாதிரி இழுக்கும். அதனால் புத்தகத்தில் சொன்னபடி செய்துவிட்டுப் பல்லை உடைத்துக் கொண்டு, "கொரியச் சமையல் நமக்கு ஒத்துவராது" என்று சொல்லிவிடாதீர்கள். கடைக்காரரிடம் 'அண்டர்கட்' என்று கேட்டு அரைக் கிலோ வாங்குங்கள். அதை ஐஸ் பெட்டியில் அரைவாசி இறுகும் வரையில் வைத்து, நாரோட்டத்துக்குக் குறுக்கே காகிதம் போல மெல்லியதாகச் சீவ வேண்டும். குறுக்கே சீவுவதில்தான் பாதிச் சமையல் இருக்கிறது. கொரியர்கள் கறி மிருதுவாக அவர்கள் நாட்டுப் பேரிக்காயை அரைத்துச் சேர்ப்பார்கள். நமக்கு அது எதற்கு? பப்பாளிக்காய் இருக்கிறது. பாய் வீட்டுப் பிரியாணிச் சமையற்காரரைக் கேட்டால் சொல்லுவார். அரைத்த காய் ஒரு மேஜைக்கரண்டி, சோயா சாஸ் நாலு மேஜைக்கரண்டி, நாட்டுச் சர்க்கரை இரண்டு மேஜைக்கரண்டி, ஆறு பல் பூண்டு நசுக்கியது, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, வெங்காயத்தாள் ஒரு பிடி. கொரியர் வறுத்த எள்ளிலிருந்து எண்ணெய் எடுப்பவர்கள். நமது செக்கு நல்லெண்ணெய் பச்சை எள்ளில் ஆட்டியது, வாசனை மட்டு. ஆகையால் நல்லெண்ணெய் ஒரு கரண்டி ஊற்றி, வறுத்துப் பொடித்த எள்ளையும் ஒரு கரண்டி தூவினால் சரியாகிவிடும். பப்பாளிக்காய் சேர்த்த கறியை அரை மணிக்கு மேல் ஊற வைத்தால் கூழாகிப் போகும். இரும்புத் தோசைக்கல்லைப் புகையக் காய வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, இரண்டு மூன்று நிமிஷத்தில் எடுத்து விடலாம். எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொட்டினால் தண்ணீர் விட்டு வெந்து போகும். வாட்டிய ருசி வராது.

உண்ணுகிற முறைதான் நமக்கு மிகவும் பிடித்தது. மேஜை நடுவில் அடுப்பு இருக்கும். சுற்றி எல்லோரும் உட்கார்ந்து, ஆணானாலும் பெண்ணானாலும் இடுக்கியைப் பிடித்தவர் கறியைப் புரட்டிக் கொடுப்பார். வெற்றிலை மடிப்பது போல லெட்டூஸ் இலையில் கொஞ்சம் சோறும் கறியும் பூண்டும் வைத்து மடித்து வாயில் போட்டுக் கொள்ளுவார்கள். ஒருத்தி அடுப்படியில் வெந்து கொண்டே பரிமாற, மற்றவர்கள் தின்றுவிட்டுக் கையலம்பிப் போகிற நமது வழக்கம் அந்த ஒரு வேளைக்காவது ஒழிகிறது. இதற்காகக் கொரியாவில் பெண்கள் சுகமாயிருக்கிறார்கள் என்று நாம் புளுகவில்லை. அங்கேயும் திவச நாளில் முன்னோர்களுக்குப் படையல் சமைத்தே இடுப்பொடிவது மருமகள்கள்தான். அந்தப் படையலில் மாட்டுக்கறியும் உண்டு. சிரிக்க வேண்டாம். நமது ஆபஸ்தம்ப தர்ம சூத்திரமும் சிராத்தத்தில் மாட்டுக்கறி படைத்தால் பிதுர்கள் ஒரு வருஷம் திருப்தியடைகிறார்கள் என்றுதான் சொல்லுகிறது. இரண்டு நாட்டுப் பிதுர்களும் வந்து தின்றதாகச் சாட்சி இல்லை.

இந்த இடத்தில் வைதீகர் குறுக்கிட்டு, "மாட்டுக்கறி நமது தர்மத்துக்கு என்றைக்கும் விரோதம்" என்பார். வேதம் படித்த பிள்ளை பிறக்க வேண்டுமானால் காளைக்கறி சேர்த்து நெய் விட்டுச் சமைத்த சோற்றைத் தம்பதிகள் உண்ண வேண்டுமென்று பிருகதாரண்யக உபநிஷத்து கடைசி அத்தியாயத்தில் சொல்லுகிறது. கறி மிருதுவாயிருந்தால் தாம் உண்பதாக யாக்ஞவல்கியர் சொன்னதாகச் சதபத பிராமணத்தில் வருகிறது. பாவம், அவருக்குப் பப்பாளிக்காய் கிடைத்திருக்காது! தமிழ்நாட்டுச் சங்கதியும் வேறல்ல. ஆநிரை கவர்ந்து வந்த மழவர்கள் வேப்பமரத்துத் தெய்வத்துக்குக் கொழுத்த ஆவை வெட்டி, அதன் கறியைச் சமைத்து உண்டதை அகநானூறு 309 ஆம் பாட்டில் காணலாம். முன்னோர் உண்டார்கள் என்பதற்காக நாம் உண்ண வேண்டுமென்று சொல்லவில்லை. முன்னோர் உண்ணவில்லை என்று பொய் சொல்லி அடுத்தவன் தட்டைப் பிடுங்காதே என்றே சொல்லுகிறோம்.

இன்னொரு வேடிக்கை. கொரியாவின் பழைய ராணி ஹோ ஹ்வாங் ஓக் என்பவள் அயோத்தியிலிருந்து போனவள் என்று வடக்கத்தியாரும், இல்லை, தமிழ்நாட்டிலிருந்துதான் போனாள் என்று நம்மவர் சிலரும் மல்லுக்கட்டுகிறார்கள். அயுதா என்ற ஊரிலிருந்து வந்தாள் என்று 13 ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒரு கதைப் புத்தகத்தைத் தவிர இதற்குப் பலமான ஆதாரம் கிடையாது. கொரியர்களும் 'அப்பா' என்கிறார்களே என்று நம்மவர் பூரித்துப் போகிறார்கள். உறவு கொண்டாடுவது இனிப்பாயிருக்கிறது. அந்த உறவுக்காரர் வீட்டுப் பந்தியில் மாட்டெலும்புச் சாறு பரிமாறினால் சம்பந்திகள் எந்தப் பக்கம் எழுந்து ஓடுவார்கள் என்பதைப் பார்க்க ஆசையாயிருக்கிறது.

அந்த எலும்புச் சாற்றைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 'சொல்லொங்தாங்' என்பது சியோலின் பேர்போன உணவு. எருதின் கால் எலும்பைக் குளிர்ந்த தண்ணீரில் சில மணி நேரம் ஊற வைத்து ரத்தத்தை நீக்கி, பிறகு நாள் முழுவதும் கொதிக்க வைத்தால் சாறு பால் போல வெளுத்துவிடும். உப்பைச் சமைக்கும்போது போடுவதில்லை. உண்ணுகிறவர் தாமே போட்டுக் கொள்ளுவார். மாட்டு வாலில் ஒரு சாறு உண்டு. குடலைச் சுத்தம் செய்து தீயில் வாட்டினால் 'கொப்சாங்'. ரத்தத்தை உறைய வைத்துக் குழம்பில் போட்டால் 'சொன்ஜி'. இவற்றுக்கென்றே சியோல் பட்டணத்தில் தனிக் கடைகள் இருக்கின்றன. உத்தியோகஸ்தர்கள் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக் கொண்டு காத்திருந்து உண்ணுகிறார்கள்.

தோழர்களே, எலும்பு, வால், குடல், ரத்தம், சுவரொட்டி, உப்புக்கண்டம் ஆகிய இவையெல்லாம் யாருடைய உணவென்று நமது ஊரில் ஏசுகிறார்கள்? நல்ல சதையெல்லாம் விலைக்குப் போக, மிச்சத்தை வைத்துக் கொண்டு பிள்ளைகளைக் காப்பாற்றிய சேரித் தாய்மார்களின் கைப்பக்குவம் இது. ரத்தப் பொரியலை அவள் செய்தால் காட்டுமிராண்டித்தனம்; சியோலில் செய்தால் பாரம்பரியம். கொப்சாங்கை நாடகத்தில் பார்த்து எச்சில் ஊறுகிறவர்கள், குடல் கழுவத் தெரிந்த அந்தக் கிழவியிடம் போய், "ஆத்தா, இதை நாற்றமில்லாமல் கழுவுவது எப்படி?" என்று கேட்டதுண்டா? சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்து அவள் செய்கிற வேலையை எந்தக் கொரியப் படமும் கற்றுத் தராது.

கொரியாவில் மாட்டுக்கறி பணக்காரன் கறி. பண்டிகைக்கு ஹன்வூ கறியைப் பெட்டியில் அடுக்கிப் பட்டுத் துணி சுற்றி மேலதிகாரிக்குப் பரிசாகக் கொடுப்பார்கள். இங்கே அது ஏழை கறி. ஆட்டுக்கறி விலையில் ஏறத்தாழப் பாதிதான். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு அங்கே கடற்பாசியும் மாட்டுக்கறியும் போட்ட சாற்றை நாள் தவறாமல் கொடுப்பார்கள். ஒவ்வொரு பிறந்த நாளிலும் தாயை நினைத்து அதையே உண்பார்கள். இங்கே பிள்ளை பெற்றவளுக்கு எதையெல்லாம் கொடுக்கக் கூடாது என்பதுதான் பத்தியம். 2019 முதல் 2021 வரையில் சர்க்கார் எடுத்த குடும்ப நலக் கணக்குப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100 க்கு 57 பேருக்கு ரத்த சோகை. உடம்பில் எளிதில் ஒட்டக் கூடிய இரும்புச் சத்து மலிவாகக் கிடைக்கிற பண்டத்தை, "சீ, அது அவர்கள் தின்பது" என்று ஒதுக்கி வைத்துவிட்டு மாத்திரைக்கு ஆஸ்பத்திரியில் வரிசை நிற்கிறோம்.

மாட்டுக்கறியில் கெடுதலே இல்லையா என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். சிவப்புக் கறியை மிகுதியாக உண்பது குடல் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2015 இல் சொல்லியிருக்கிறது; உப்பும் புகையும் ஏற்றிப் பதப்படுத்திய கறி நிச்சயமாகவே காரணம் என்கிறது. அது ஆட்டுக்கும் சேர்த்துத்தான். அளவோடு உண்ணுங்கள். டாக்டர் வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். புரோகிதர் வேண்டாமென்றால் ஏன் என்று கேளுங்கள். 2008 இல் கொரியாவில் லட்சக்கணக்கான மக்கள் மெழுகுவத்தி பிடித்து வீதியில் நின்றார்கள். எதற்கு? அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாகும் மாட்டுக்கறியில் பைத்திய மாட்டு நோய் இருக்குமோ என்ற பயத்துக்காக. கறியைப் பற்றி ஒரு ஜனசமூகம் சர்க்காரைக் கேட்க வேண்டிய கேள்வி அதுவே: நோய் உண்டா, இல்லையா? நமது நாட்டில் கேட்கப்படும் கேள்வியோ வேறு. 2015 இல் தாத்ரியில் ஒருவரின் வீட்டு ஐஸ் பெட்டியில் இருந்தது எந்தக் கறி என்று கேட்டு அவரை அடித்தே கொன்றார்கள். 2016 இல் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தாழ்த்தப்பட்ட வாலிபர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். அதெல்லாம் வடக்கே என்று சொல்லித் தப்ப வேண்டாம். 2017 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யில் மாட்டுக்கறி விருந்தில் கலந்து கொண்ட ஆராய்ச்சி மாணவர் ஒருவர் கண் வீங்கும்படி அடிபட்டார். 2019 ஜூலையில் நமது காரைக்காலுக்குப் பக்கத்தில், நாகப்பட்டினம் ஜில்லா பொரவச்சேரியில், மாட்டுக்கறி சூப் குடிக்கும் படத்தை முகநூலில் போட்ட ஒரு முஸ்லிம் வாலிபரை வீடு தேடிப் போய்த் தாக்கினார்கள். ஒரு கிண்ணம் சூப்!

வைதீகரை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நமது பக்கத்தவர்கள் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் நமக்கு வேண்டியதில்லை. 2022 மே மாதத்தில் திருப்பத்தூர் ஜில்லா அதிகாரிகள் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா ஒன்று ஏற்பாடு செய்தார்கள். ஆம்பூர் பிரியாணி என்றால் மாட்டுக்கறிப் பிரியாணிக்கும் அந்த ஊரில் பெயர் உண்டு. ஆனால் திருவிழாவில் கோழிக்கும் ஆட்டுக்கும் இடம், மாட்டுக்கு இடமில்லை. எதிர்ப்புக் கிளம்பியதும் மழையைக் காரணங்காட்டித் தள்ளி வைத்தார்கள். இது ஏன் தீண்டாமையாகாது என்று ஆதிதிராவிடர் ஆணையம் விளக்கம் கேட்டது. இது நடந்தது காசியில் அல்ல. சாதி ஒழிப்புப் பேசி ஓட்டு வாங்குகிற நமது நாட்டில் நடந்தது. பார்ப்பனரல்லாத மேல்சாதிக்காரர், மேடையில் மாட்டுக்கறி உரிமை பேசிவிட்டு, வீட்டில் அதற்கென்று ஒரு தனிச் சட்டி வைத்துப் பின்கட்டில் சமைப்பதை நாம் அறிவோம். கடையிலிருந்து கறுப்புப் பையில் சுற்றி, அதன் மேல் செய்தித்தாள் சுற்றி, கஞ்சா கடத்துகிறவன் போலத் தெருவைப் பார்த்துப் பார்த்து வருவதையும் அறிவோம். ஆட்டுக்கறிக்கு இந்தப் பயம் உண்டா? வடலூர் வள்ளலார் கொல்லக் கூடாதென்றார். ஆடாகாது, கோழியாகாது, மாடாகாது, எதுவுமாகாது என்றார். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. அவர் வழியில் கறி உண்ணாதவரை நாம் வற்புறுத்த மாட்டோம். ஆட்டைத் தின்று ஏப்பம் விட்டுக் கொண்டே மாட்டுக்கு மட்டும் ஜீவகாருண்யம் பேசுகிறவரிடம் என்ன நேர்மை இருக்கிறது?

கொரியாவைப் பார்த்து மாட்டுக்கறி தின்றால் சாதி ஒழிந்துவிடும் என்று எண்ணுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கொரியாவிலேயே அது நடக்கவில்லை. ஊரெல்லாம் மாட்டுக்கறி தின்ற அந்த நாட்டில், மாட்டை வெட்டிக் கொடுத்த 'பெக்ஜொங்' என்ற மக்களைத் தீண்டத்தகாதவர்களைப் போலத்தான் வைத்திருந்தார்கள். ஊருக்கு வெளியே குடியிருப்பு. பட்டு உடுத்தக் கூடாது. ஓட்டு வீடு கட்டக் கூடாது. மற்றவர் அணியும் குதிரைமயிர்த் தொப்பியை அணியக் கூடாது, மூங்கில் தொப்பிதான். சின்னப் பிள்ளைக்கும் அவர்கள் பணிந்து பேச வேண்டும். நமது ஊர்ச் சங்கதியை மொழிபெயர்த்து வைத்தது போலில்லையா? 1894 இல் சர்க்கார் சட்டத்தால் இந்த இழிவை நீக்கியது. ஊர் நீக்கவில்லை. பள்ளிக்கூடங்கள் அவர்கள் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு 1923 ஏப்ரலில், தெற்கே ஜின்ஜூ பட்டணத்தில், பெக்ஜொங் மக்களும் அவர்களுக்குத் துணை நின்ற மேல்சாதிக்காரர் சிலரும் கூடி 'ஹியொங்பியொங்சா' என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். அந்தப் பெயரிலே தராசு இருக்கிறது. கறி நிறுக்கும் தராசின் தட்டு சமமாக நிற்பது போல மனிதரும் சமமாக நிற்க வேண்டும் என்றார்கள். நம் நாட்டில் 'குடி அரசு' வெளிவருவதற்கு இரண்டு வருஷம் முந்திய சம்பவம் இது.

உடனே ஊரார் என்ன செய்தார்கள் தெரியுமா? இனிமேல் மாட்டுக்கறி வாங்குவதில்லை என்று கட்டுப்பாடு செய்தார்கள்! வெட்டுகிறவன் தலைநிமிர்ந்தால் தங்கள் நாக்கின் ருசியையே விட்டுவிடத் துணிந்தார்கள். 1925 இல் யெசோன் என்ற ஊரில் சங்கத்தார் மேல் கூட்டமாகப் பாய்ந்து அடித்தார்கள். ஆக, கறியைத் தட்டில் ஏற்றுக் கொள்ளுவது எளிது. அதை அறுத்துக் கொடுத்த கையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுவதுதான் கஷ்டம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு இது ஆச்சரியமாயிராது. 1745 இல் நமது புதுச்சேரி மாதா கோவிலுக்குள்ளேயே தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கும் சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் நடுவே ஒரு சுவர் இருந்ததையும், அதை இடித்ததற்குச் சாதிக் கிறிஸ்தவர்கள் கிளப்பிய கலகத்தையும் அவர் எழுதியிருக்கிறார். மாட்டுக்கறி தின்னும் துரைகளின் மதம்தான் அது!

ஆகையால் புல்கோகி செய்கிற வாலிபர்களை நாம் கேட்டுக் கொள்ளுவது இதுதான். நன்றாகச் செய்யுங்கள். தனிச் சட்டி வேண்டாம். சாம்பார் வைக்கும் சட்டியே போதும், கழுவினால் போகாத கறை எதுவும் அதில் ஒட்டாது. ஜன்னலைச் சாத்த வேண்டாம். கறியை நீங்களே கடைக்குப் போய் வாங்குங்கள். வேலைக்காரி கையில் காசைக் கொடுத்து, "யாருக்கும் தெரியாமல் வாங்கி வா" என்று அனுப்ப வேண்டாம். கடைக்காரரிடம் நாரோட்டம் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். அந்த வித்தையில் அவர் உங்களுக்கு வாத்தியார். சேரியிலிருக்கும் தோழரைக் கூப்பிட்டு அந்த அடுப்பைச் சுற்றி உட்கார வையுங்கள். அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போய் அவர் தாயார் செய்கிற உப்புக்கண்டக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அங்கே போக முடியாது, இங்கே வரட்டும் என்றால் அது விருந்தல்ல, துரைத்தனம்.

வீடு வாடகைக்கு விடும் தோழர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. முத்தியால்பேட்டையிலானாலும் முதலியார்பேட்டையிலானாலும், வாசலில் "சைவ உணவினருக்கு மட்டும்" என்று எழுதித் தொங்கவிட்டுவிட்டு நமது கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில் உட்காருகிறவர்கள் இரண்டொருவர் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். அவர்கள் அந்தப் பலகையை இந்த வாரத்துக்குள் கழற்றி எறியட்டும். கழற்றிய வீட்டில் புல்கோகி செய்வதானால் நம்மையும் கூப்பிடட்டும். பப்பாளிக்காய் நாம் கொண்டு வருகிறோம்.